படம் பெரிதாகும்போது எது பெரிதாகிறது?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

“எத்தனை மெகாபிக்சல்?” புதிய செல்பேசியோடு வகுப்புக்குள் நுழையும் நண்பனிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவே. எண் பெரிதானால் படம் நன்றாக இருக்கும் என்பது நம்மில் பலருடைய முடிவு. இயற்பியல் பயிலும் நானும் சென்ற ஆண்டு வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு துக்கம் அந்த எண்ணத்தை மாற்றியது. அதன் பயனாக நான் கற்றுக்கொண்டவற்றை உடன் பயிலும் நண்பர்களுக்குச் சொல்வதும், பிழையிருப்பின் ஆசிரியப் பெருமக்கள் திருத்த வேண்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு முகத்தின் கதை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் என் அப்பத்தா காலமானார். 16ஆம் நாள் காரியத்துக்குக் கூடத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். பெட்டி, பீரோ, பழைய ஆல்பம் எல்லாவற்றையும் தேடினோம். அப்பத்தா தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருந்தது ஆளை அடையாளம் காட்ட உதவுமே தவிர, பெரிதாக்க உதவாது. கடைசியில், உறவினர் திருமணத்தில் யாரோ செல்பேசியில் எடுத்து, செய்திச் செயலி வழியே பலர் கைமாறி வந்த குழுப்படம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ முப்பது பேர் நிற்கும் அந்தப் படத்தில், ஓரமாக நின்ற அப்பத்தா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் உள்ள ஸ்டுடியோவுக்கு அதைக் கொண்டு சென்றேன். “12க்கு 18 போட்டுத் தாங்கண்ணே” என்றேன். ஸ்டுடியோ அண்ணன் கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, முகம் ரொம்பச் சின்னதா இருக்கு. மென்பொருள்ல போட்டுப் பார்க்கிறேன், வந்தா உன் அதிர்ஷ்டம்” என்றார்.

மறுநாள் படம் வந்தது. இமை மயிரை எண்ணலாம் போன்ற கூர்மை! எங்கள் அத்தை அதை இரு கைகளாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது எங்கம்மா இல்லடா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உற்று நோக்கியபோது எனக்கும் விளங்கியது. மூக்குத்திக்கு மேலே இருந்த மரு இல்லை. சிரிக்கும்போது இடக்கண் சற்றே சுருங்குமே, அந்தச் சுருக்கம் இல்லை. பற்கள் வரிசையாக இருந்தன. யாரோ ஒரு பாட்டி; ஆனால் எங்கள் அப்பத்தா அல்லர்.

படம் மங்கலாக வந்திருந்தால் நான் சமாதானம் அடைந்திருப்பேன். தெளிவாக வந்து தவறாக இருந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு படத்தைப் பெரிதாக்கும்போது உண்மையில் எது பெரிதாகிறது? இக்கேள்வியோடு எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் விடை கூறவில்லை. “முதலில் கண்ணிலிருந்து தொடங்கு, அதன் பிறகு காமிராவுக்குப் போ” என்று மட்டும் சொன்னார்.

கண் எவ்வளவு கேட்கிறது?

நல்ல பார்வையுள்ள கண், ஏறத்தாழ ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். இதுவே கண்ணின் பகுதிறன். கையில் பிடித்துப் படிக்கும் 25 செ.மீ. தூரத்தில் இந்தக் கோணம் 0.07 மி.மீ. இடைவெளியைக் குறிக்கும். ஓர் அங்குலத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 350 புள்ளிகள். அச்சுத் தொழிலில் ‘அங்குலத்துக்கு 300’ என்று வழங்கும் அளவு இதற்கு அருகில் இருப்பதைக் காண்க.

தூரம் கூடக் கூடக் கண் கேட்பது குறைகிறது. கை நீட்டும் தூரமாகிய 50 செ.மீ.க்கு அங்குலத்துக்குச் சுமார் 175 புள்ளிகள் போதும். 2 மீட்டர் தள்ளி நின்று சுவரில் உள்ள படத்தைப் பார்ப்பவருக்கு 44 புள்ளிகளே போதும். சாலையோரப் பெரும் பதாகைகள் அருகில் சென்றால் புள்ளி புள்ளியாகத் தெரிவதும், தொலைவிலிருந்து அழகாகத் தெரிவதும் இதனாலேதான்.

இனி மெகாபிக்சல் கணக்குக்கு வருவோம். ஒரு மெகாபிக்சல் என்பது 10 இலட்சம் பிக்சல்கள். 4 × 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட 1200 × 1800, அதாவது சுமார் 2.2 மெகாபிக்சல் போதும். 8 × 12 அங்குலத்துக்குச் சுமார் 8.6. 12 × 18 அங்குலத்துக்கு 3600 × 5400, அதாவது சுமார் 19.4. அதே 12 × 18 படத்தைக் கை நீட்டும் தூரத்தில் பார்ப்பதானால் சுமார் 6.6 மெகாபிக்சலே போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்சல் எண்ணிக்கை பரப்பளவைச் சார்ந்தது. கூர்மையோ நீளத்தைச் சார்ந்தது. ஆகவே 12 மெகாபிக்சல் 48 ஆனால், ஒரு கோட்டில் அடங்கும் புள்ளிகள் நான்கு மடங்கு ஆவதில்லை. இரண்டு மடங்கே ஆகின்றன. விளம்பரத்தில் எண் பாய்கிறது. தாளில் அது நடக்கிறது.

அப்பத்தாவின் முகத்தில் எத்தனை?

இந்தக் கணக்கை எங்கள் குழுப்படத்தின் மீது போட்டுப் பார்த்தேன். என் கைக்கு வந்த படம் 1600 × 1200 பிக்சல். ஏறத்தாழ இரண்டு மெகாபிக்சல். 4 × 6 அங்குலத் தாளுக்குக் குறையில்லாத அளவு. ஆனால் எனக்கு வேண்டியது முழுப்படம் அன்று, ஒரு முகம். அந்த முகம் உயரத்தில் 80, அகலத்தில் 60, ஆக 4,800 பிக்சல்களே கொண்டிருந்தது.

1975இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்தவை 100 × 100, அதாவது 10,000 பிக்சல்கள். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அந்த ஆதி காமிராவின் படத்தில் இருந்ததில் பாதிகூட எங்கள் அப்பத்தாவின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

12 × 18 தாளில் முகம் சுமார் 6 அங்குல உயரம் வரும். 80 பிக்சல்களை 6 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 13. ஒவ்வொரு பிக்சலும் தாளில் 2 மி.மீ. சதுரமாகிவிடும். அப்பத்தாவின் மருவே அந்த ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடக் கூடியது. 2 மீட்டர் தூரத்துக்கு வேண்டிய 44கூட அதில் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ‘காமிராவில் எத்தனை மெகாபிக்சல்?’ என்பதன்று, ‘நமக்கு வேண்டிய பொருளின் மேல் எத்தனை பிக்சல் விழுந்தன?’ என்பதே.

மழையும் பாத்திரமும்

நிற்க. பிக்சல்கள் போதுமான அளவில் இருந்துவிட்டால் படம் நன்றாக அமைந்துவிடுமா? அங்கேதான் சென்சாரின் அளவு குறுக்கிடுகிறது.

சென்சார் என்பது ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கான் சில்லு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சி.சி.டி. என்னும் சில்லு இத்துறைக்கு வழி திறந்தது; அதற்காக அவர்கள் 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று செல்பேசிகளில் இருப்பது சீமாஸ் என்னும் வகை. எதுவாயினும், போட்டான் என்னும் ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் விடுபடும். அவற்றைச் சேர்த்து அளந்தால் அந்த இடத்தின் வெளிச்சம் தெரியும்.

மழைக்காலத்தில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்ததாகக் கொள்வோம். ஒரே மழைதான். ஆனால் அண்டாவில் விழும் துளிகள் அதிகம். தூறல் சில விநாடிகளே பெய்தால், டம்ளர்களில் ஒன்றில் ஐந்து துளி, அடுத்ததில் இரண்டு, மற்றொன்றில் ஏழு என்று மாறி மாறி இருக்கும். அண்டாக்களில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒளியும் இப்படித் துளித்துளியாகவே விழுகிறது. சராசரியாக விழும் போட்டான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பாகவே உண்டு. படத்தில் அதுவே மணல் தூவினாற்போல் தோன்றும் இரைச்சல்.

கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய காமிராக்கள் பலவற்றில் சென்சார் 36 × 24 மி.மீ. இது பழைய 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டத்துக்குச் சமம். அதில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் 6 மைக்ரான் அகலம். 1.4 மைக்ரான் பிக்சல்கள் கொண்ட 12 மெகாபிக்சல் செல்பேசிச் சென்சாரோ 5.6 × 4.2 மி.மீ.; நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மொத்தப் பரப்பில் முன்னது ஏறத்தாழ 37 மடங்கு. தனிப் பிக்சல் பரப்பில் 18 மடங்கு.

லென்சின் திறப்பு எண்ணும், ஒளி விடும் நேரமும் இரண்டிலும் ஒன்றே என்று கொள்வோம். பெரிய பிக்சலில் 9,000 போட்டான் சேரும்போது சிறியதில் 500 சேரும். 9,000இன் வர்க்கமூலம் 95. ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 1. 500இன் வர்க்கமூலம் 22. ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 4.5. இனி வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையட்டும். பெரியதில் 900, இரைச்சல் நூற்றுக்கு 3.3. சிறியதில் 50, இரைச்சல் நூற்றுக்கு 14. வெளியில் வெயில் அடிக்கும்போது மறைந்திருந்த வேறுபாடு, மண்டபத்துக்குள் வந்தவுடன் வெளிப்பட்டுவிடுகிறது.

செல்பேசி இதைச் சும்மா விடுவதில்லை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஆள் அசையாமல் நின்றால் இது உண்மையாகவே பயன் தரும். அதுவும் போதாதபோது இரைச்சலை மென்பொருளால் தேய்த்து மழுங்கச் செய்கிறது. அந்தத் தேய்ப்பில் மணலோடு சேர்ந்து தோலின் சுருக்கமும், நரைமுடியின் இழையும், சேலையின் நெசவும் போய்விடுகின்றன. மணல் எது, மரு எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

பெரிய எண்ணுக்குள் மறைந்திருப்பவை

“50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்கிறார்களே, அவை பொய்யா?” என்று நண்பர்கள் வினவலாம். பொய்யல்ல, ஆனால் முழுச் செய்தியும் அன்று.

பிக்சலுக்கு நிறம் தெரியாது; வெளிச்சம் மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி வைக்கப்படுகிறது. பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மீதி இரு நிறங்களை அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணித்து நிரப்புகிறார்கள். 50 மெகாபிக்சல் செல்பேசிகள் பலவற்றில் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிற வடிகட்டி இருக்கிறது. அவை வழக்கமாக அந்த நான்கையும் ஒன்றாகக் கூட்டி 12.5 மெகாபிக்சல் படமாகவே தருகின்றன. நான்கு டம்ளர்களை ஒரு குடத்தில் ஊற்றுவது போன்றது இது, நல்ல வழியே.

இன்னொரு தடை விளிம்பு விளைவு. நாம் இரண்டாம் ஆண்டு ஒளியியலில் படித்ததுதான். எவ்வளவு குறையற்ற லென்சாயினும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டாகவே குவிக்கும். திறப்பு எண் 1.8 ஆகவும், ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் ஆகவும் இருந்தால் வட்டின் விட்டம் சுமார் 2.4 மைக்ரான். பிக்சலின் அகலம் 1 மைக்ரான் என்றால், ஒரு புள்ளியின் ஒளியே பல பிக்சல்களில் பரவிவிடுகிறது. பிக்சலை மேலும் நுணுக்குவதால் படத்தின் கூர்மை அதே விகிதத்தில் கூடாது. தடித்த முனைப் பேனாவால் எழுதுகிறவருக்குக் கட்டம் சிறிதான தாளைக் கொடுத்தால் எழுத்து நுணுக்கமாகிவிடாதல்லவா?

நாங்கள் செய்து பார்த்தது

கணக்கு மட்டும் போதாது என்று, நானும் இரு நண்பர்களும் ஸ்டுடியோ அண்ணனின் உதவியோடு ஒரு சிறு சோதனை செய்தோம். காலை பத்து மணிக்கு வேப்பமர நிழலில் ஒரு நண்பனை நிறுத்தி, 12 மெகாபிக்சல் செல்பேசியாலும் 24 மெகாபிக்சல் பெரிய காமிராவாலும் முகம் ஒரே அளவில் வருமாறு எடுத்தோம். மாலையில் ஒரே ஒரு குழல்விளக்கு எரியும் அறையில் மீண்டும் அவ்வாறே எடுத்தோம். நான்கையும் 8 × 12 அங்குலத்தில், ஒரே தாளில், ஒரே இயந்திரத்தில் அச்சிட்டு, பின்புறம் எண் மட்டும் இட்டுத் துறையில் மேசைமேல் பரப்பினோம்.

காலைப் படங்களில் எது பெரிய காமிராவினுடையது என்று கேட்டபோது ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் தவறாகவே சுட்டினர். மாலைப் படங்களில் ஒருவர்கூடத் தவறவில்லை. செல்பேசிப் படத்தில் நண்பனின் கன்னம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. மீசை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டிலுமே 8 × 12 அங்குலத்துக்குத் தேவையான பிக்சல்கள் இருந்தன. குறைந்தது பிக்சல் அன்று, ஒளி.

இதிலிருந்து நான் பெற்ற முடிவு இது: பிக்சல் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்பதற்கு ஒரு மேல்வரம்பைச் சொல்கிறது. அந்த வரம்பு வரை படம் உண்மையாக இருக்குமா என்பதைச் சென்சாரின் பரப்பும், லென்சும், அந்தக் கணத்தில் இருந்த வெளிச்சமும் தீர்மானிக்கின்றன.

வழியில் இழப்பதும் இல்லாததை வரைவதும்

எங்கள் குழுப்படம் பிறந்தபோது 4000 × 3000 பிக்சலாக இருந்தது என்று பின்னர் அறிந்தேன். செயலி வழியே அனுப்பும்போது 1600 × 1200 ஆகச் சுருங்கிவிட்டது. மூலப்படம் கிடைத்திருந்தால் முகத்தின் உயரம் 80க்குப் பதில் 200 பிக்சல் இருந்திருக்கும். 12 × 18 தாளில் அங்குலத்துக்கு 33. தள்ளி நின்று பார்க்க ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆனால் எடுத்தவர் செல்பேசியை மாற்றிவிட்டார். மூலப்படம் எங்கும் இல்லை. நாங்கள் இழந்ததில் ஒரு பகுதி காமிராவின் குற்றமன்று, எங்கள் கவனக்குறைவே.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்தது என்ன? அது ஆயிரமாயிரம் முகங்களைக் கற்று வைத்திருக்கிறது. 4,800 பிக்சல்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை, ‘பொதுவாக முகங்கள் இப்படி இருக்கும்’ என்ற அறிவால் நிரப்புகிறது. பொதுவாக மூக்குத்திக்கு மேலே மரு இருப்பதில்லை; ஆகவே மரு போயிற்று. பொதுவாகப் பற்கள் வரிசையாக இருக்கின்றன, ஆகவே வரிசையாயின. பதியப்படாத செய்தியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. வேறொன்றை வரைந்து வைக்கத்தான் முடியும். அத்தை அதைக் கண்டுகொண்டார்.

முடிவுரை

நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. வேண்டிய முகத்தை நெருங்கி நின்று எடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டினுள் எடுப்பதைவிடத் திண்ணையில், காலை வெளிச்சத்தில் எடுங்கள்; சிறு சென்சாரின் குறையை அது பெரிதும் ஈடுசெய்யும். மூலப்படத்தைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது செயலிப் படத்தைக் கொடுக்காதீர்கள். காமிரா வாங்குவோர் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன் சென்சாரின் அளவைக் கேளுங்கள்.

அப்பத்தாவின் படத்தை என்ன செய்தோம் என்பதைச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. மென்பொருள் எதையும் தொடாமல், அந்தக் குழுப்படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி, முகம் ஓர் அங்குல உயரம் வருமாறு உள்ளங்கை அகலத்தில் அச்சிடச் செய்தேன். அங்குலத்துக்கு 80 பிக்சல். சற்று மங்கல்தான். அகலமான வெள்ளை ஓரம் விட்டுச் சட்டம் போட்டோம். அத்தை அதைப் பார்த்ததும், “இதுதான்டா எங்கம்மா, சிரிப்பைப் பாரு” என்றார். இன்று கூடத்துச் சுவரில் இருப்பது அந்தச் சிறிய படமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து, என் பழைய 12 மெகாபிக்சல் செல்பேசியால் நெருங்கி நின்று எடுத்தேன். “இப்பவே எனக்கு மாலை போடப் பாக்குறியாடா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்போடு எடுத்த படம் 12 × 18 அங்குலத்தில் அச்சாகி வந்தது. நெற்றியின் ஒவ்வொரு கோடும் அதில் இருக்கிறது. தாத்தா தினமும் அதன் முன் நின்று தலை வாரிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் யாரேனும் அமர்ந்திருக்கக் கூடும். நாளைக் காலை வெளிச்சம் நன்றாக இருந்தால், அருகில் சென்று ஒரு படம் எடுங்கள்.